வெந்த ரப்பரும் வெந்த வாழ்வும்
(சார்லஸ் குட்இயர் வாழ்க்கை வரலாறு)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

மனித நாகரிகத்தின் வரலாறு சக்கரத்தின் வரலாறே என்று கூறுவர். ஆனால் சக்கரம் உருண்டு வந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பெரும்பகுதி, அது மரமாகவும் இரும்புப் பட்டையாகவுமே உருண்டு வந்தது. கல்லில் ஏறினால் வண்டியும் அதிர்ந்தது. வண்டியில் இருந்தவரின் எலும்பும் அதிர்ந்தது. இன்றோ பல டன் எடையுள்ள பாரவண்டி காற்றின் மேல் அமர்ந்து செல்கிறது. அக்காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருப்பது டயர். அந்த டயரைக் கோடையில் உருகாமலும் குளிரில் நொறுங்காமலும் காப்பது, ரப்பருக்கும் கந்தகத்துக்கும் நெருப்பின் முன்னிலையில் நடைபெற்ற ஒரு திருமணம். அத்திருமணத்தை முதலில் நடத்தி வைத்தவர் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர்.

நம் ஊர்களில் நெடுஞ்சாலை ஓரத்து டயர்க் கடைகளில் ‘வல்கனைசிங்’ என்று எழுதிய பலகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உரோமானியரின் நெருப்புக் கடவுளான வல்கன் என்பவரின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. அந்த முறையைக் கண்டவர் தம் வாழ்நாளில் ஒரு வண்டிக்கேனும் காற்றடைத்த டயர் செய்து விற்றவர் அல்லர். அவர் பெயரைத் தாங்கி நிற்கும் உலகப் புகழ்பெற்ற டயர்க் கம்பெனி அவருடையதும் அன்று; அவர் பிள்ளைகளுடையதும் அன்று. உலகுக்குச் செல்வம் தந்த அவர் கடனாளியாகவே கண்ணை மூடினார். இது எவ்வாறு நேர்ந்தது என்பதை நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் முதல் தோல்வியும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்னும் நகரில் 1800-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் குட்இயர் பிறந்தார். தந்தை அமாசா குட்இயர் பொத்தான்களும் உழவுக் கருவிகளும் செய்து விற்றவர். மகனும் இரும்புச் சாமான் வணிகத்தைப் பிலடெல்பியாவில் கற்று வந்து, தந்தையோடு பங்காளியாகச் சேர்ந்தார். 1824-இல் கிளாரிசா பீச்சர் என்னும் மங்கையை மணந்தார். 1826-இல் பிலடெல்பியாவில் சொந்தமாகக் கடை திறந்தார். தொடக்கத்தில் வணிகம் செழித்தது. பின்னர்க் கொடுத்த கடன்கள் திரும்பி வரவில்லை. வாங்கிய கடன்கள் மட்டும் கழுத்தைப் பிடித்தன. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி கடனைத் திருப்பித் தராதவருக்குச் சிறை. முப்பது வயதையொட்டிய நாளிலேயே குட்இயர் கடன்காரர் சிறையின் கதவைக் கண்டுவிட்டார். அதன்பின் அக்கதவு பலமுறை அவருக்காகத் திறந்து மூடியது.

அக்கால ரப்பர்

பிரேசில் நாட்டு மரத்தின் பாலிலிருந்து கிடைத்த ரப்பர், 1830-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரும் மோகத்தைக் கிளப்பியது. நீர் புகாத செருப்பு, நீர் புகாத மேலங்கி என்று கம்பெனிகள் காளான்போல் முளைத்தன. மக்களும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினர். ஆனால் கோடை வந்ததும் செருப்பு களியாகி ஒட்டிக்கொண்டது. குளிர் வந்ததும் மேலங்கி பலகைபோல் விறைத்தது. விற்ற பொருள்கள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. நாற்றம் தாங்காமல் அவற்றைக் குழி தோண்டிப் புதைத்தனர்.

1834-இல் குட்இயர் நியூயார்க்கில் ராக்ஸ்பரி இந்திய ரப்பர்க் கம்பெனியின் கடைக்குச் சென்றார். நீரில் மூழ்காமல் காக்கும் ரப்பர் மிதவை ஒன்றின் காற்றுக் குழாய் வால்வு சரியில்லை என்று கண்டு, அதைவிடச் சிறந்த வால்வு ஒன்றைச் செய்து எடுத்துச் சென்றிருந்தார். வால்வு நன்றாகவே இருக்கிறது, ரப்பர்தான் சரியில்லை என்று கடை மேலாளர் உண்மையைச் சொல்லிவிட்டார். ரப்பரின் நோயைத் தீர்ப்பவனுக்கே செல்வம் என்று அவர் சொன்ன சொல் குட்இயரின் நெஞ்சில் விதையாக விழுந்தது. வேதியியலில் ஒரு பாடமும் படித்திராத அவர், அன்றுமுதல் இறக்கும்வரை ரப்பரை விடவில்லை.

பூரிக்கட்டையும் சோதனைக் கூடமும்

ஊர் திரும்பியதும் மீண்டும் சிறை. அச்சிறையிலேயே ஆராய்ச்சி தொடங்கியது. ரப்பர் கட்டிகளும், மாவு தேய்க்க மனைவி பயன்படுத்திய கட்டையுமே அவருடைய கருவிகள். ரப்பர் பிசுபிசுப்பதால், உலர்ந்த பொடி ஒன்றை அதனோடு பிசைந்தால் பிசுபிசுப்பு நீங்கும் என்பது அவருடைய எளிய எண்ணம். மக்னீசியாவைக் கலந்தார், வெண்மையான அழகிய பொருள் கிடைத்தது. மனைவியும் மகள்களும் அடுக்களையில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான சோடிச் செருப்புகளைச் செய்தனர். கோடை வந்தது, செருப்புகள் அத்தனையும் இளகிப் போயின. மக்னீசியாவைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்க வைத்துப் பார்த்தார். வென்றதாகவே தோன்றியது. ஆனால் ஒரு துளி எலுமிச்சைச் சாறோ காடியோ பட்டால் போதும், பழையபடி ஒட்டத் தொடங்கிற்று. காரம் தந்த பயனை அமிலம் பறித்துவிடும் என்பது நாம் பள்ளியில் கற்ற பாடம். அவரோ அதைத் தம் கைப்பொருளை இழந்து கற்றார்.

பின்னர் நியூயார்க் சென்றார். அங்கே ரப்பரின் மேல் பூசிய வெண்கலப் பூச்சை நைட்ரிக் அமிலத்தால் அகற்ற முயன்றார். ரப்பர் கறுத்துப் போனதால் குப்பையில் எறிந்தார். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது அதன் மேற்பரப்பு ஒட்டாமல் வழவழப்பாக இருந்தது. இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். பணம் போடக் கூட்டாளியும் கிடைத்தார். ஆனால் 1837-இல் அமெரிக்காவைத் தாக்கிய நிதி நெருக்கடியில் அக்கூட்டாளி அழிந்தார். ஸ்டேட்டன் தீவில் கைவிடப்பட்ட ரப்பர்த் தொழிற்சாலை ஒன்றில் குடும்பம் ஒண்டிக் கிடந்தது. கடலில் பிடித்த மீன் அவர்கள் உணவாயிற்று. ரப்பர்த் தொப்பியும் ரப்பர்ச் சட்டையும் அணிந்து திரிந்த அவரை ஊரார் பித்தர் என்றனர். அவருடைய ரப்பர்ப் பணப்பையில் பணம் ஒன்றுதான் இல்லை என்று கேலி பேசினர்.

உருகிப்போன தபால் பைகள்

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊபர்ன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தபின் அரசாங்கம் அவரிடம் 150 தபால் பைகள் செய்து தரும்படி ஒப்பந்தம் கொடுத்தது. அவரும் அமில முறையில் பைகளைச் செய்து, சூடான ஓர் அறையில் தொங்கவிட்டு, வெளியூர் சென்றார். திரும்பி வந்தபோது பைகள் தம் எடையையே தாங்க மாட்டாமல் இளகித் தொங்கின. அமிலம் ரப்பரின் தோலை மட்டுமே திருத்தியிருந்தது. உள்ளே பழைய ரப்பர் பழையபடியே இருந்தது. ஊரறிந்த ஒப்பந்தம் ஆகையால் தோல்வியும் ஊரறிய நேர்ந்தது. மேற்பரப்பைக் கண்டு உள்ளீட்டை மதிப்பிடக் கூடாது என்னும் பாடத்தை அப்பைகள் கற்பித்தன.

அவ்வூரில் நத்தானியல் ஹேவர்டு என்னும் தொழிலாளி, ரப்பரோடு கந்தகம் கலந்து வெயிலில் காய வைத்தால் பிசுபிசுப்புக் குறைவதைக் கண்டிருந்தார். குட்இயர் அந்த உரிமையை விலைக்கு வாங்கினார். ஆனால் வெயிலும் ரப்பரின் தோலைத் தாண்டி உள்ளே செல்லவில்லை.

அடுப்பு காட்டிய வழி

1839-ஆம் ஆண்டின் குளிர்காலம். கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பின் மேல் பட்டது. உருகி ஓட வேண்டிய ரப்பர் உருகவில்லை, தோல்போலக் கருகியது. சுற்றி இருந்தவர்களுக்கு அது ஒரு கருகிய துண்டு. குட்இயருக்கோ அது ஐந்தாண்டுக் கேள்விக்கு விடை. கருகிய பகுதியின் ஓரத்தில், கருகாத ஒரு விளிம்பு ஒட்டாமலும் நெகிழ்ச்சியோடும் இருப்பதைக் கண்டார். அத்துண்டை இரவெல்லாம் வெளியே கடுங்குளிரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். காலையில் எடுத்து வளைத்தார்; விறைக்காமல் வளைந்தது. எந்த வெப்பத்தை ரப்பரின் பகைவன் என்று உலகம் எண்ணியதோ, அந்த வெப்பமே அளவறிந்து தந்தால் மருந்து என்பது விளங்கிற்று.

இது தற்செயலாக நேர்ந்தது என்று பலர் எழுதுகின்றனர். குட்இயர் அதை முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆப்பிள் எல்லோர் முன்னும் விழுகிறது, தேடிக் கொண்டிருப்பவனுக்கே அது பொருள் தருகிறது என்பது அவர் கருத்து. அது நியாயமே. ஏனெனில் அடுப்பு காட்டியது வழியை மட்டுமே. எவ்வளவு கந்தகம், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பவற்றை அறிய அவருக்கு மேலும் ஐந்தாண்டுகள் ஆயின. வீட்டு அடுப்பிலும், கெஞ்சி வாங்கிய தொழிற்சாலை உலைகளிலும் ரப்பரை வேகவைத்துப் பார்த்தார். ஏறத்தாழ 270 பாரன்ஹீட் பாகை வெப்பமுள்ள நீராவியில் நான்கு முதல் ஆறு மணி நேரம் வைத்தால் பக்குவம் சரியாக அமைந்தது. 1844-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை எண் 3,633 அவருக்குக் கிடைத்தது.

விற்கப்பட்ட பாடநூல்கள்

இடைப்பட்ட அந்த ஐந்தாண்டுகளே இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதி. வீட்டில் விறகில்லை, உணவில்லை. மகவு ஒன்றைச் சாவுக்குக் கொடுத்தனர். கட்டில், பாத்திரம் எல்லாம் அடகுக் கடைக்குப் போனபின், பிள்ளைகளின் பள்ளிப் பாடநூல்களைத் திரட்டி விற்றார். ஐந்து டாலர் கிடைத்தது. அதுவும் ரப்பருக்கே சென்றது.

இச்செய்தியைப் படித்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நானே முதல். முதலாண்டுப் புத்தகங்கள் அம்மாவின் தோடு அடகுக்குப் போனதால் வீட்டுக்கு வந்தவை. புத்தகம் வர நகை போவதை அறிந்த எனக்கு, ஆராய்ச்சிக்காகப் பிள்ளைகளின் புத்தகம் போனதை விடாமுயற்சி என்று மட்டும் போற்றிவிட்டுக் கடந்து செல்ல மனம் வரவில்லை. குட்இயரின் உறுதி பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த உறுதிக்கு விலை கொடுத்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். கிளாரிசாவின் அடுக்களைதான் ஆய்வுக்கூடம். கிளாரிசாவின் அடுப்புதான் உலை. பூரிக்கட்டை பிடித்த கைகளுக்குக் காப்புரிமைத் தாளில் இடமில்லை. மைத்துனர் வில்லியம் டி பாரஸ்ட் பெருந்தொகை கொடுத்துத் தாங்கியிராவிடில் ஆராய்ச்சியும் முடிந்திராது. அறிஞர்களின் வரலாற்றைப் படிக்கும்போது இவர்களையும் எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

வழக்குகளும் பதக்கங்களும்

கண்டுபிடித்ததும் துன்பம் தீர்ந்ததா? இல்லை. அவர் வெந்த ரப்பரின் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். அங்கே ரப்பர்த் தொழிலில் தேர்ந்த தாமஸ் ஹான்காக் என்பவர், மாதிரிகளின் மேல் படிந்திருந்த கந்தகத்தைக் கண்டார். தாமும் சோதனைகள் செய்து, 1843-ஆம் ஆண்டு நவம்பரில் விண்ணப்பித்தார். குட்இயரின் ஆங்கில விண்ணப்பம் சில வாரங்கள் பிந்திவிட்டது. இங்கிலாந்தின் உரிமை ஹான்காக்குக்கே போயிற்று.

அமெரிக்காவிலோ உரிமம் பெறாமலே பலர் ரப்பர் செய்து விற்றனர். 1852-இல் டிரென்டன் நகரில் நடந்த பெரிய வழக்கில், அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த டேனியல் வெப்ஸ்டர் குட்இயருக்காக வாதாடி வென்றார். அவருக்குத் தந்த கட்டணம் 15,000 டாலர் என்பர். வழக்கறிஞர்கள் வாழ்ந்தனர், உரிமம் பெற்ற ஆலை முதலாளிகள் வாழ்ந்தனர். உரிமத் தொகையை மிகக் குறைவாகவே வைத்த குட்இயர் வந்ததையெல்லாம் புதிய சோதனைகளிலும் கண்காட்சிகளிலும் கொட்டினார்.

1851-இல் இலண்டன் பொருட்காட்சியிலும், 1855-இல் பாரிசு பொருட்காட்சியிலும் தரை முதல் கூரை வரை ரப்பர்ப் பொருள்களால் அரங்கு அமைத்தார். நாற்காலி, சீப்பு, ஆடை, அணிகலன் எதையும் விடவில்லை. பல்லாயிரம் டாலர் செலவாயிற்று. இதற்கிடையே 1853-இல் கிளாரிசா மறைந்தார். பாரிசில் எதிர்பார்த்த தொகை வராமற் போகவே, கடனுக்காகக் குட்இயர் அங்கும் சிறை புகுந்தார். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அளித்த லீஜன் ஆப் ஆனர் விருது சிறையிலிருந்த அவரைத் தேடி வந்தது.

1860-ஆம் ஆண்டு, நோயுற்ற மகளைக் காண நியூ ஹேவனுக்குப் புறப்பட்டவர், நியூயார்க்கை அடைந்தபோது மகள் இறந்த செய்தியைக் கேட்டார். அங்கேயே படுத்து, ஜூலை 1-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் விட்டுச் சென்ற கடன் ஏறத்தாழ 2,00,000 டாலர்.

பாரவண்டியின் டயர்

அவர் மறைந்து 28 ஆண்டுகள் கழித்து, 1888-இல், பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரைச் செய்தார். அதற்கும் முன்னர் 1845-இலேயே ராபர்ட் தாம்சன் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1898-இல் ஒகாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் பிராங்க் சைபர்லிங் டயர்க் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, நன்றிக்கடனாகக் குட்இயரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

அடுப்பில் நிகழ்ந்தது என்ன என்பதைக் குட்இயரும் அறியவில்லை. ரப்பர் மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. சூட்டில் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடுகின்றன. எனவே ரப்பர் இளகுகிறது. கந்தகம் அச்சங்கிலிகளுக்கு இடையே பாலம் கட்டுகிறது; இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். இத்தகைய பெருமூலக்கூறுகள் உண்டு என்று ஸ்டாடிங்கர் 1920-இல்தான் எடுத்துரைத்தார். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுப்பின் பாடம் இன்றும் பயன்படுவதற்கு ஒரு சான்று காட்டலாம். குட்இயர் பிறந்த நாட்டில் பண்ணைகளிலும் கட்டட வேலைகளிலும் கனரகப் பிக்கப் வண்டிகள் மிகுதி. தேய்ந்த டயரை மாற்றப் போகிறவர் விலையையும் பட்டையின் ஆழத்தையும் மட்டும் பார்த்தால் போதாது. டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்களைப் படிக்க வேண்டும். அங்கே 121/118 என்று இருந்தால், அச்சின் ஒரு பக்கத்தில் அது தனியாக ஓடும்போது 1,450 கிலோவும், இரட்டைச் சக்கரமாக ஓடும்போது 1,320 கிலோவும் தாங்கும் என்று பொருள். பின் அச்சில் 2,600 கிலோ பாரம் விழுமானால் தனிச் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 1,300 கிலோ. அதற்கு 121 போதும். 1,120 கிலோ மட்டுமே தாங்கும் 112 போதாது. வண்டி செய்தவர் கதவோரத் தகட்டில் குறித்துள்ள எண்ணுக்குக் குறைந்த டயர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது. ‘இ’ வகைப் பாரக் குறியீடு 10 பிளை வலிமையைக் குறிக்கும். பருத்தித் துணி அடுக்குகளை எண்ணிய காலத்து வழக்கு அது. இன்று அது வலிமையின் அளவே அன்றி அடுக்குகளின் எண்ணிக்கை அன்று. அத்தகைய டயர் முழுப் பாரம் சுமக்க 80 பவுண்டு வரை காற்று வேண்டும்.

காற்றுக் குறைந்தாலோ பாரம் மிகுந்தாலோ என்ன ஆகும்? சக்கரம் சுற்றும்போதெல்லாம் பக்கச் சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். உள்ளே சூடு ஏறும். அளவான சூடு பாலம் கட்டியது. அளவு மீறிய சூடு பாலத்தை உடைக்கும். பட்டை பிரியும், டயர் வெடிக்கும். அடுப்பில் அன்று கருகிய நடுப்பகுதியும், கருகாது பிழைத்த விளிம்பும் சொன்ன செய்தி இதுதான். ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பர் மெல்ல முதுமை அடைகிறது. எனவே செய்த தேதியையும் பார்த்தல் வேண்டும். 3523 என்று நான்கு எண்கள் இருந்தால், 2023-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் செய்தது என்று அறியலாம். பளபளக்கும் புறத்தோற்றத்தை நம்பி வாங்குவது, தபால் பைகளை நம்பி வெளியூர் சென்றதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

குட்இயரின் வாழ்விலிருந்து அறிவியல் மாணவர்களாகிய நாம் கொள்ள வேண்டுவனவும் உண்டு. தள்ள வேண்டுவனவும் உண்டு. தோல்வியைத் தூக்கி எறியாமல் உற்று நோக்கிய கண் கொள்ளத் தக்கது. கருகிய துண்டில் கருகாத விளிம்பைக் கண்ட அந்தக் கண் இல்லையேல் இன்று ஒரு வண்டியும் இப்படி ஓடாது. கிடைத்த வெற்றியைக் கோடை ஒன்று கடக்கும் வரையேனும் சோதிக்காமல் சந்தைக்குக் கொண்டு சென்ற அவசரம் தள்ளத் தக்கது. தன் வேட்கைக்காக வீட்டாரின் பசியைக் கணக்கில் எழுதாமல் விட்டதும் தள்ளத் தக்கதே.

நம்மில் பலர் பிறர் சுமந்த பாரத்தின் மேல் ஏறி இங்கு வந்து சேர்ந்தவர்கள். தாங்கும் டயருக்கும் ஓர் அளவு உண்டு என்று பக்கச் சுவரில் எழுதி வைக்கிறார்கள். தாங்கும் மனிதர்களின் மேல் அவ்வாறு எவரும் எழுதி வைப்பதில்லை. அதை நாமே படித்தறிய வேண்டும்.